மக்காச்சோளத்தின் வாக்குமூலம்

ஒரு காலத்தில் ஒரு மலைக்கு ஒரு நிலப்படம் வந்தது. மலை இருந்தது மிண்டனாவோ என்ற தீவில். தீவை எந்தப் படத்திலும் கண்டுபிடித்துவிடலாம். அந்த மலைக்குத்தான் எந்தப் படத்திலும் உருப்படியான பெயர் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தப் புதுப் படம் ஒரு தகரக் குழாய்க்குள் சுருண்டு படுத்தபடி அவ்வளவு தூரம் வந்திருந்தது.

நிலப்படம் பெரிய அதிகாரி. தலைநகரத்தில் மின்விசிறிக்கு அடியில் பிறந்து வளர்ந்தது, காலில் சேறு பட்டதே இல்லை. உலகத்தில் உள்ளதெல்லாம் தன்மேல் இருக்கிறது, தன்மேல் இல்லாதது உலகத்திலும் இல்லை என்பது அதன் உறுதியான நம்பிக்கை. கூட ஒரு பேனாவும் வந்திருந்தது. பேனாவுக்குச் சொந்தமாக எந்தக் கருத்தும் கிடையாது, சொன்னதை எழுதும். அரசாங்க வேலைக்கு அது நல்ல குணம்.

மலையடிவாரத்தில் மக்காச்சோளம் நின்று வரவேற்றது. அது முப்பது வருஷத்துக்கு முன்னால் செபு என்ற தீவிலிருந்து கப்பலேறி வந்தது. செபுவில் மண் குறைவு, பாறை அதிகம், வாய்கள் அதைவிட அதிகம். மிண்டனாவோவில் நிலம் காலியாகக் கிடக்கிறது, போய்ப் பிழைத்துக்கொள் என்று அரசாங்கம் மூட்டை கட்டி அனுப்பியது. வந்து பார்த்தால் காலியாக இல்லை. ஆனால் சொன்னது அரசாங்கமாயிற்றே, அதனால் மக்காச்சோளம் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டது. அந்தச் சந்தேகம் மூன்று போகத்தில் பழகிப்போய்விட்டது.

செபுவுக்கும் மக்காச்சோளத்தின் முப்பாட்டன் வேறொரு கப்பலில் வந்தவர்தான். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அதுவும் சொன்னதில்லை.

நிலப்படம் ஒரு பாறைமேல் தன்னை விரித்துக்கொண்டு, மலைக்கு மேலே குடியிருப்போர் எவரேனும் உண்டா என்று கேட்டது.

"மேல யாரும் இல்லீங்க ஐயா. வெறும் களைங்கதான்," என்றது மக்காச்சோளம்.

களைகளுக்குக் காது உண்டு. சரிவிலிருந்து மூங்கில் குரல் கொடுத்தது. பிரம்பு, நார்வாழை, காட்டுவள்ளி, பெரணி, சுனை ஓரத்துச் சேம்பு என்று பதினெட்டு இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாஷை, ஒவ்வொரு பாஷையிலும் ஒரு பெயர். ஒருவர் பெயருக்கு அர்த்தம் 'ஆற்றின் மேல்பக்கத்தார்'. இன்னொருவர் பெயருக்கு 'உச்சியில் இருப்போர்'. சேம்பு தன் பாஷையில் தன்னை அழைத்துக்கொண்ட பெயருக்கு 'ஆட்கள்' என்பதற்கு மேல் எந்த அர்த்தமும் இல்லை. ஆட்கள் தங்களை வேறு எப்படி அழைத்துக்கொள்வார்கள் என்று அது நினைத்திருந்தது.

நிலப்படம் பொறுமையாகக் கேட்டது. பிறகு தன் உடம்பில் அந்த மலைக்கு ஒதுக்கியிருந்த இடத்தைக் காட்டியது. அது ஒரு கட்டைவிரல் அகலம். அதில் பதினெட்டுப் பெயர் அடங்காது, ஒன்றுதான் எழுதலாம்.

போன படத்தில் ஒரே பெயர்தானே போட்டிருந்தார்கள், அதையே போட்டுவிடலாமே என்று மக்காச்சோளம் யோசனை சொன்னது. அது உண்மைதான். போன படம் அவர்கள் எல்லாரையும் சேர்த்து 'பயிர் அல்லாதவை' என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தைய படம் 'மரம் அல்லாதவை' என்றது. அதற்கும் முன்னால் சிலுவை பொறித்த ஒரு படம் கடல் தாண்டி வந்து, 'ஞானஸ்நானம் பெறாதவை' என்று எழுதிவிட்டுப் போனது. எத்தனையோ வருஷமாக, எதுவாக இல்லையோ அதுதான் அவர்களுக்குப் பெயராக இருந்தது.

நிலப்படம் தொண்டையைச் செருமிக்கொண்டது. "புதிய விதியின்படி 'அல்லாதவை' என்பது பெயராகக் கொள்ளப்படாது. பெயரற்ற நிலம் காலி நிலம். காலி நிலம் உழவுக்குரியது. சனிக்கிழமை நண்பகலுக்குள் ஒரு பொதுப் பெயர் தெரிவிக்கப்படாவிடில் மேற்படி மலை 'காலி' எனக் குறிக்கப்படும்."

அதைச் சொல்லிவிட்டு அது நிழலில் சுருண்டுகொண்டது.

உழவு யாருக்காக என்பது எல்லாருக்கும் தெரியும். தெற்கே ஒரு கம்பெனி அன்னாசி இருந்தது. அதற்கு எவ்வளவு நிலம் இருந்தாலும் பத்தாது. மலையில் தண்ணீர் உள்ள முதல் இடம் சேம்பின் சுனைக்கரைதான் என்பதால் ஏர் முதலில் அங்கேதான் இறங்கும். சேம்புக்கு மண்ணுக்கு அடியில் பிள்ளைகள் இருந்தன. தூக்கிக்கொண்டு ஓட அதற்குக் கால் இல்லை. செய்தி கேட்டதிலிருந்து அதன் இலை நடுங்கிக்கொண்டே இருந்தது. காற்றுதான் காரணம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தது.

மறுநாள் காலையிலேயே பதினெட்டுப் பேரும் சுனையைச் சுற்றிக் கூடினார்கள். உயரமாக இருப்பதால் மூங்கில் தலைமை தாங்கியது. உயரத்தைத் தவிர வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

முதல் வேலையாக மூங்கில் தன் பெயரையே எல்லாருக்கும் வைத்துவிடலாம் என்றது. அப்படியானால் நீ வீட்டுக்காரன், நாங்களெல்லாம் வாடகைக்காரர்களா என்று பிரம்பு கேட்டது. சரி, உன் பெயரையே வைப்போம் என்றது மூங்கில். பிரம்பு உடனே சம்மதித்தது, மற்ற பதினாறு பேரும் சம்மதிக்கவில்லை. பதினெட்டுப் பெயரையும் கோத்து ஒரே பெயராக்கலாம் என்று பெரணி சொல்லி, அப்படியே சொல்லிக் காட்டவும் செய்தது. அது சொல்லி முடிக்கும்போது பாதிப் பேர் எழுந்து போய் வெயில் காய்ந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம் என்று நார்வாழை சொன்னது. குலுக்கினார்கள். பாசிக்கு விழுந்தது. இவ்வளவு பெரிய பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று பாசி பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டது.

இரண்டாம் நாளும் இப்படியே போயிற்று. யார் முதலில் இந்த மலையில் வேர் விட்டது, யார் யாருக்கு நிழல் கொடுத்தது, எந்தப் புயலில் யார் யாரை விட்டு ஓடியது என்று பழைய கதையெல்லாம் வெளியே வந்தது. எதிரி கீழே இருக்கிறான் என்பது மறந்தே போய்விட்டது. நம் கூட்டங்கள் எதையும் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

சேம்பு அதுவரை வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயப் போகும்போதுதான் அது பேசியது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? ரெண்டு நாளா நாம சண்டை போடுறோமே, எந்த பாஷையில போடுறோம்?"

மூங்கில் பதில் சொல்ல வாயெடுத்து, தான் சொல்லப்போகும் பதிலும் அதே பாஷையில்தான் இருக்கிறது என்று கண்டு நிறுத்திக்கொண்டது.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது மக்காச்சோளத்தின் பாஷை. பிரம்புக்கு மூங்கிலின் பாஷை தெரியாது, சேம்புக்குக் காட்டுவள்ளியின் பாஷை தெரியாது. ஆனால் சனிக்கிழமைதோறும் அடிவாரத்தில் கூடும் சந்தைக்கு எல்லாரும் போனார்கள். அங்கே செல்லுபடியாவது மக்காச்சோளத்தின் பாஷை ஒன்றுதான். உப்பு வாங்கக் கற்றுக்கொண்டது, மெல்ல மெல்ல ஒருவரோடொருவர் நலம் விசாரிக்கவும் இப்போது மனம்விட்டுத் திட்டிக்கொள்ளவும் உதவியது. மலைமேல் பதினெட்டுப் பேருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான்.

"பேரையும் அதுலயே வெச்சுக்குவோம்," என்றது சேம்பு. "அது நம்ம யாரோட பாஷையும் இல்ல. அதனால யாரும் வீட்டுக்காரங்க இல்ல, யாரும் வாடகைக்காரங்களும் இல்ல."

மூங்கிலுக்குக் கணு கணுவாகக் கோபம் ஏறியது. "நம்மளக் களைன்னு கூப்பிட்ட வாயி அது. அதே வாயிலேர்ந்து நமக்கு ஒரு பேரா? நாளைக்கு நம்ம பிள்ளைங்க காறித் துப்பாது?"

"துப்புறதுக்குப் பிள்ளைங்க இருக்கணுமே அண்ணே," என்றது சேம்பு.

சேம்பு தனக்குத் தெரிந்த ஒரு சொல்லைச் சொன்னது. மழை பெய்யும் நாட்களில் வேலிக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளத்துக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். அங்கே விட்டுவந்த மாமரத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாளாது. யாரும் கொண்டுவந்து நடாமல் அந்த மண்ணிலேயே முளைத்த மரம் அது என்று சொல்ல மக்காச்சோளம் ஒரு சொல் வைத்திருந்தது. அந்தச் சொல் லுமாட். மண்ணோடு பிறந்தது என்று பொருள். சொல்லும்போதெல்லாம் மக்காச்சோளம் கடல் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதனால்தான் சேம்புக்கு அந்தச் சொல் மறக்கவில்லை.

ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். இரவல் செருப்பு மாதிரி முதலில் கடித்தது. நாலைந்து தடவை சொன்ன பிறகு நடக்க முடிந்தது. பதினைந்து பேர் சம்மதித்தார்கள். மூன்று பேர் தங்கள் பெயரே தங்களுக்குப் போதும், இரவல் வேண்டாம் என்று எழுந்து போனார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நேரம் இல்லை.

சனிக்கிழமை சந்தை நிறைந்திருந்தது. நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் பதினைந்து பேரும் போய் நின்றார்கள். சேம்பு நிலப்படத்திடம் பெயரைச் சொன்னது. இப்படி ஒரே குரலில் வருவார்கள் என்று நிலப்படம் எதிர்பார்க்கவில்லை. 'காலி' என்பதற்கு ஏற்கெனவே மை தொட்டு வைத்திருந்த பேனாவும் சற்றுத் தடுமாறியது.

அப்போது மக்காச்சோளம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது.

"ஐயா, இது அநியாயம். அது எங்க சொல்லு. எங்க தாய்பாஷை. களைங்க அதத் தொடக்கூடாது."

நிலப்படத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆட்சேபம் என்றால் அதற்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பிறர் உடைமையான சொல் பெயராகப் பதியப்பட மாட்டாது என்று விதி இருப்பதாகவும், ஆனால் உடைமையை நிரூபிப்பது ஆட்சேபிப்பவர் பொறுப்பு என்றும் சொன்னது. சொல்லின் பொருள் என்ன, எப்படிப் பயன்படுத்துவது, உதாரணத்தோடு விளக்க வேண்டும். சேம்பு கணக்குப் போட்டுப் பார்த்தது. ஒரு சொல்லை நம்பி வந்தாயிற்று, அதையும் பிடுங்கிக்கொண்டால் கையில் வேறு எதுவும் இல்லை.

மக்காச்சோளத்துக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாழ்க்கையில் வாய்த்ததில்லை. தன் பாஷையைப் பற்றி அதை யாரும் மேடையேற்றிக் கேட்டதே கிடையாது. தலைக் குஞ்சத்தைத் தடவி விட்டுக்கொண்டு ஆரம்பித்தது. செபுவின் பாஷை எவ்வளவு நுட்பமானது, வந்ததையும் பிறந்ததையும் ஒரே சொல்லால் சொல்லும் முரட்டு பாஷை அல்ல அது, தாங்கள் எதையும் துல்லியமாகப் பேசிப் பழகியவர்கள் என்று நீட்டி முழக்கியது. லுமாட் என்றால் நட்டதல்ல, கொண்டுவந்ததல்ல, அந்தந்த மண்ணிலேயே முளைத்தது. எங்கள் ஊர் மாமரம் லுமாட். கப்பலில் வரும் ஆப்பிள் எத்தனை வருஷம் இருந்தாலும் லுமாட் ஆகாது. பேனா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது.

"உள்ளூர் உதாரணம் ஒன்று தேவை," என்றது நிலப்படம்.

"அதுக்கென்ன, நிறைய இருக்கே," என்றது மக்காச்சோளம். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்த யாராலும் முடியாது. "நாங்க முதல் கப்பல்ல வந்து எறங்குனப்ப, குடிக்கத் தண்ணி தேடிச் சுனைக்குப் போனோம். அங்க இந்தச் சேம்பு நின்னுச்சு. அதுதான் எங்களுக்கு வழி காட்டுச்சு. அத யாரும் கொண்டாந்து நடல, மலை உண்டானப்பவே இருந்த மாதிரி இருந்துச்சு. அது லுமாட். நாங்க அப்படி இல்ல. நாங்க முதல் கப்பல். சீட்டு இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன், காட்டட்டுமா?"

மக்காச்சோளம் பெருமையோடு சுற்றுமுற்றும் பார்த்தது. கைதட்டலுக்காகக் காத்திருந்தபோதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அதற்கு உறைத்தது. முத்துக்கள் எல்லாம் வெளிறிப்போயின. கடைசியாகச் சொன்னதை மட்டும் அடித்துவிடலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டது.

நிலப்படம் தன் மடிப்புகளை நீவிக்கொண்டது. "இரண்டு வழிகள் உள்ளன. சொல் தங்களுடையதல்ல எனில், ஆட்சேபம் தள்ளுபடி. தங்களுடையதே எனில், தாங்கள் கூறிய பொருளே அதிகாரப்பூர்வப் பொருள், தாங்களே சாட்சி. எது வசதி?"

மக்காச்சோளம் இரண்டையும் எடைபோட்டது. சொல் எங்களுடையதல்ல என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் சந்தை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊர், மாமரம் எல்லாம் போன பிறகு அதனிடம் மிச்சம் இருந்தது அந்த பாஷை ஒன்றுதான். நிலத்தைக்கூட விட்டுக்கொடுத்துவிடலாம், தாய்பாஷையைத் தன்னுடையதல்ல என்று எப்படிச் சொல்வது என்று அதற்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்க சொல்லுதான்," என்றது.

நண்பகல் மணி அடிப்பதற்குள் கட்டைவிரல் அகலத்தில் 'லுமாட்' என்று பேனா எழுதி முடித்தது. உடைமையை நிரூபித்தவர் ஆட்சேபத்திலும் வென்றார் என்று நிலப்படம் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு நல்ல வாக்குமூலத்தை வீணாக்க அதற்கு மனம் வரவில்லை. விதியைச் சாட்சி விழுங்கிவிட்டது என்று ஓரத்தில் ஒரு குறிப்புப் போட்டுக்கொண்டது. மக்காச்சோளத்தின் பெயருக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு ஏறியது: 'தன் வாக்குமூலப்படி இம்மண்ணில் பிறந்ததல்ல.' பிறகு குழாய்க்குள் சுருண்டுகொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது.

சேம்பு அன்றைக்குத்தான் நிம்மதியாக இலையை விரித்தது. மழை வந்தது, பிள்ளைகள் தலை நீட்டின. மக்காச்சோளம் வேலிக்கு அந்தப் பக்கம் இவர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டது. ஆனால் சந்தையில் கூப்பிட வேண்டியிருந்தது. களை என்று கூப்பிட்டால் யாரும் திரும்பவில்லை. லுமாட் என்றால் பதினைந்து பேரும் திரும்பினார்கள். வேறு வழியில்லாமல் அந்தச் சொல்லையே சொல்லிச் சொல்லி, நாளைக்குப் பத்துத் தடவை அது தன் வாயாலேயே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு டிராக்டர் வந்தது. அன்னாசிக் கம்பெனியின் டிராக்டர். சேம்பு பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஆனால் டிராக்டர் மலைப்பக்கம் திரும்பவே இல்லை. படத்தில் மலை காலி இல்லை என்று அதற்கு உத்தரவில் எழுதியிருந்தது. அது நேராக அடிவாரத்துக்குப் போய், மக்காச்சோளத்தின் வரப்பில் நின்றது.

மக்காச்சோளம் பதறிப்போய், தங்கள் பெயர் படத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்க்கவில்லையா என்று கேட்டது. டிராக்டர் பார்த்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தையும் பார்த்திருந்தது. கம்பெனியில் சின்ன எழுத்தைப் படிப்பதற்கென்றே ஆள் உண்டு.

"இந்த மண்ணுல பொறந்ததில்லன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. லுமாட் இல்ல. சரி, அப்ப நீங்க யாரு?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் மக்காச்சோளத்திடம் கேட்டதில்லை. கப்பல் சீட்டை எடுத்து நீட்டியது. டிராக்டர் அதை வாங்கிப் பார்த்து, வந்ததற்கு மட்டும்தான் இது சீட்டு என்று திருப்பிக் கொடுத்தது. எஞ்சின் உறுமியது. முன்வரிசைக் கதிர்கள் கண்ணை மூடிக்கொண்டன.

சரிவில் மூங்கில் சத்தமில்லாமல் சிரித்தது. முப்பது வருஷத்துக்கு இப்போதுதான் கணக்குச் சரியாகிறது என்று பிரம்பிடம் கிசுகிசுத்தது. சேம்புக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கீழே உழுபவன் அடுத்த போகத்தில் மேலே வருவான் என்பது ஒரு காரணம். முதல் கப்பலில் நாக்கு வறண்டு வந்தவர்களைப் பார்த்தது அதற்கு ஞாபகம் இருந்தது என்பது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று கேட்டால் அதற்கே சொல்லத் தெரிந்திருக்காது.

"தம்பி, வண்டியக் கொஞ்சம் நிறுத்து," என்று டிராக்டரை மக்காச்சோளத்தின் பாஷையிலேயே கூப்பிட்டது. "அவங்க எங்க விருந்தாளி."

டிராக்டர் உத்தரவைப் புரட்டிப் பார்த்தது. காலி நிலம் என்றால் உழலாம். விருந்தாளி தங்கியிருக்கும் வீட்டைக் காலி என்று எழுத அதில் இடம் இல்லை. கம்பெனியைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, புகையைக் கக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனது.

நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று மக்காச்சோளத்துக்குப் பிடிபடவில்லை. முப்பது வருஷமாக வீட்டுக்காரன் என்று நினைத்து நிமிர்ந்து நின்ற உடம்பு. விருந்தாளி என்றால் என்ன அர்த்தம் என்று சேம்பிடம் சண்டைக்குப் போகலாமா என்றுகூட யோசித்தது.

போக முடியவில்லை. அதுவும் அதன் தாய்பாஷைச் சொல்தான். அர்த்தம் அதற்கு நன்றாகவே தெரியும்.